கொட்டகை பெரிது, நாற்காலி எத்தனை?

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாராளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்கள் இருக்கவேண்டும் என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவனிடம் கணக்குப் பாடத்தை ஒப்படைத்த படிப்பகத் தோழர்களின் துணிவை முதலில் பாராட்டுகிறேன்! நாடகக்காரனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான் - கொட்டகையில் எத்தனை இருக்கை, அதில் எத்தனை நிரம்பிற்று என்கிற கணக்கு. நல்ல வேளையாக, இன்றைய பொருளும் அதற்கு வெகு தொலைவிலே இல்லை.

2023ஆம் ஆண்டு மே திங்கள் 28ஆம் நாள் டில்லியிலே புதிய பாராளுமன்றக் கட்டடத்தைத் திறந்தார்கள். அதிலே மக்களவைக்கென்று அமைத்த மண்டபத்தில் 888 இருக்கைகள். அன்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருவோர் தொகை 543. மிச்சம் 345 இருக்கைகள்! நாங்கள் நாடகம் போடும்போது, முதலில் கதை எழுதுவோம், பிறகு பாத்திரங்களைப் பங்கிடுவோம், ஒத்திகை பார்ப்போம், கூட்டம் தாங்காது என்று தெரிந்தால் கொட்டகையைப் பெரிதாக்குவோம். டில்லியிலோ கொட்டகை முதலில் எழும்பிற்று. கதை என்ன, யாருக்கு எந்தப் பாத்திரம், எவருக்கு எத்தனை வரி வசனம் என்பதெல்லாம் பிறகு! அதனால்தான் இந்த எண்ணைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாகிறோம்.

எண்ணிக்கையிலே என்ன இருக்கிறது, நூறு பேர் கூடினால் என்ன, ஆயிரம் பேர் கூடினால் என்ன, வாதாடத் தெரிந்தவன் ஒருவன் போதாதா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வாதாடத் தெரிந்தவன் பேசுவான், கைதட்டலும் பெறுவான். ஆனால் வாக்கெடுப்பு மணி அடித்தவுடன் அவனும் ஒரு கை. வாய் திறவாது உறங்கிக் கிடந்தவனும் ஒரு கை! சட்டத்தை ஆக்குவது கை. ஆகவே கைகளை எண்ணத்தான் வேண்டும்.

இந்த எண்ணிக்கைக் கதை எங்கெங்கே எப்படியெப்படி நடந்தது என்பதற்கு, அமெரிக்க நாட்டைப் போல விவரமான பாடம் வேறெங்கும் இல்லை. அங்கே அழைத்துச் செல்கிறேன். கப்பற் கட்டணம் கேட்கமாட்டேன்.

1787ஆம் ஆண்டு. பிலடெல்பியா நகரம். பிரிட்டிஷ் ஆட்சியை விரட்டியடித்த 13 மாநிலங்களுக்கு அரசியல் சட்டம் எழுதுகின்றனர். நான்கு திங்களாக வாதம். அவைக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் வாஷிங்டன். தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் தன் கருத்தைத் திணிக்கலாகாது என்று வாதங்களில் கலவாதிருந்தார். கையெழுத்திடும் கடைசி நாள், செப்டம்பர் 17. சட்டம் எழுதி முடிந்து மேசைமீது இருக்கிறது. அந்த நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, 40,000 மக்களுக்கு ஒருவருக்கு மேற்படாமல் என்று எழுதியிருப்பதை 30,000 என்று திருத்தலாமா என்று கேட்கிறார். வாஷிங்டன் எழுந்தார். மக்கள் அவையின் எண்ணிக்கை சிறுத்துவிட்டது என்ற குறை தனக்கும் உண்டு, இதைத் திருத்துவது தனக்கு மகிழ்ச்சி தரும் என்றார். அவ்வளவே; ஒருமனதாகத் திருத்தம் நிறைவேறிற்று. பெரும்படை நடத்திய தளபதி, நான்கு திங்கள் மௌனத்தைக் கலைத்துப் பேசியது இந்த ஓர் எண்ணுக்காகத்தான், தோழர்களே!

முதல் அவையில் 65 பேர். போதாது என்று கூச்சல். அறுபத்தைந்து பேரை விலைக்கு வாங்குவது எளிது, சீமான்களின் சங்கமாகிவிடும் என்றனர் எதிர்த்தவர்கள். மாடிசன் என்பார் பதில் எழுதினார் - சிறுத்தால் சூழ்ச்சிக்கு இரையாகும், பெருத்தால் கும்பலாகும், இரண்டுக்கும் நடுவே ஓரிடம் உண்டு, அதைக் கணிதம் காட்டாது என்கிற பொருளில். மக்கள் பெருகப் பெருக அவையும் பெருகவேண்டும் என்று ஒரு திருத்தம் 1789இல் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. 12 திருத்தங்களின் வரிசையில் அதுதான் முதலாவது! பேச்சுரிமை கூட அதற்குப் பின்னால்தான். மற்றவற்றில் 10 திருத்தங்கள் 1791இல் சட்டமாயின. இந்த முதல் திருத்தமோ போதிய ஒப்புதல் கிட்டாமல், இன்றளவும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் போகமுடியாது. தலைகளை எண்ணி இடம் தருவது என்றார்களே, எவருடைய தலைகள்? தென் மாநிலங்களில் இலட்சக்கணக்கில் நீக்ரோ அடிமைகள். அவர்களுக்கு வாக்கில்லை, வழக்காட உரிமையில்லை, பெற்ற பிள்ளையைத் தன்னுடன் வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லை. ஆனால் இடங்களைப் பங்கிடும்போது மட்டும், ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணிக்கொள்ளலாம் என்றனர்! சவுக்கால் அடிக்கப்படுகிறவனின் தலையைக் காட்டி, சவுக்கைப் பிடித்தவன் கூடுதலாக நாற்காலி பெற்றான். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் அந்தப் பின்னம் ஒழிந்தது. முழு ஆளாக எண்ணினார்கள். ஆனால் தென் மாநிலங்கள் பின்னர் சூதான சட்டங்கள் செய்து கறுப்பரின் வாக்கைப் பறித்தன. ஆக, முன்பு முக்கால் ஆளுக்கும் குறைவாகக் கணக்குக் காட்டியவர்கள், பிறகு முழு ஆள் கணக்கில் இடம் பெற்று, அவனை வாக்குச்சாவடி வாசலிலே தடுத்தனர். எண்ணப்படுவது வேறு, மதிக்கப்படுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, கதைக்கு வருகிறேன். பத்தாண்டுக்கொருமுறை கணக்கெடுப்பு; ஒவ்வொரு முறையும் அவை வளர்ந்தது. 1842இல் ஒரே ஒருமுறை குறைத்து 223 ஆக்கினார்கள், மற்றபடி ஏறுமுகந்தான். காரணம் தெரிகிறதல்லவா? எந்த மாநிலமும் தன் இடத்தை இழக்கச் சம்மதிக்காது. வளர்ந்த மாநிலம் கூடுதல் கேட்கும். இருவரையும் சமாதானப்படுத்த எளிய வழி, பந்தியிலே இன்னும் பத்து இலை போடுவது! 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் ஒரு வேடிக்கை. அவைக்கு 299 உறுப்பினர் என்றால் அலபாமா மாநிலத்துக்கு 8 இடம். 300 என்றால் 7 இடம் என்று கணக்கு காட்டிற்று! மொத்தம் ஒன்று கூடுகிறது, பங்கு ஒன்று குறைகிறது. பின்னங்களை முழுமையாக்கும் முறையிலே இருந்த கோளாறு அது. பின்னர் முறையையே மாற்றினர். ஆனால் "மொத்தம் கூடுகிறது, நீ ஏன் அழுகிறாய்?" என்று கேட்பவர்களுக்கு நான் அலபாமாவைத்தான் காட்டுவது வழக்கம்.

1912இல் எண்ணிக்கை 435. பிறகு வந்தது 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அமெரிக்க வரலாற்றில் முதன்முறையாக, நாட்டுப்புறத்தாரைவிட நகரத்தார் தொகை மிஞ்சிற்று என்று அது கூறிற்று. தொழிற்சாலைகள், அவற்றைத் தேடிக் கப்பலேறி வந்த ஏழை எளியவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்த கறுப்பர்கள் - எல்லாரும் நகரங்களில். நாட்டுப்புற மாநிலத்து உறுப்பினர்கள் திடுக்கிட்டனர். எந்த மாநிலமும் இழக்காதபடி அவையை 483 ஆக உயர்த்தலாம் என்று ஒரு மசோதா வந்தது. அவையில் இடமில்லை, செலவு தாங்காது, கூட்டம் பெருத்தால் வேலை நடவாது என்று மறுத்தனர். 435இலேயே வைத்துப் பங்கிடலாமென்று மாற்றி நிறைவேற்றியதும், செனட் சபை அதைக் கிடப்பில் போட்டது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஒரு சாக்கு! கணக்கெடுப்பே தவறு என்றார் ஒருவர். குடியுரிமை பெறாதவரை எண்ணலாகாது என்றார் இன்னொருவர். பத்தாண்டுக்கொருமுறை பங்கிடவேண்டுமென்று அரசியல் சட்டம் ஆணையிட்டிருந்தும், அந்தப் பத்தாண்டு முழுவதும் பங்கீடு நடக்கவேயில்லை. அமெரிக்க வரலாற்றிலேயே அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான். 1910ஆம் ஆண்டுத் தலைக்கணக்கை வைத்தே 1930 வரை ஓட்டினார்கள்.

1929இல் ஒரு சட்டம் வந்தது. இனி இருக்கிற எண்ணிக்கையே நிலை. கணக்கெடுப்பு முடிந்ததும் பங்கீடு தானாகவே நடக்கும் என்றது சட்டம். 435 என்ற எண் அப்படித்தான் உறைந்தது. அதிலே தத்துவம் உண்டா, ஆராய்ச்சி உண்டா? ஒன்றுமில்லை. சண்டையிட்டுக் களைத்தவர்கள் உட்கார்ந்த இடம் அது! அடுத்த பங்கீட்டில் 21 மாநிலங்கள் இடம் இழந்தன. கலிபோர்னியா மட்டும் 11இலிருந்து 20 ஆயிற்று. 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தபோது சிறிது காலம் 437, மீண்டும் 435. 1910இல் ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 10 ஆயிரம் பேர். 2020இல் 7 இலட்சத்து 61 ஆயிரம் பேர். 30,000 என்று எழுதச் சொன்ன வாஷிங்டன் கண்டால் என்ன சொல்வாரோ! மொத்தம் உறைந்துவிட்டபடியால் ஒருவன் பெற்றால் மற்றவன் இழந்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் நியூயார்க் மாநிலம் ஓர் இடத்தை இழந்தது. எத்தனை பேர் குறைவால் தெரியுமா? 89 பேர்! ஒரு பேருந்தில் நெருக்கியடித்து ஏற்றிவிடலாம்.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

நம் அரசியல் சட்டத்தின் 81ஆவது பிரிவு, மக்களவைக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 500க்கு மேற்படலாகாது என்று தொடங்கிற்று. ஐந்து இலட்சம் பேருக்கு ஒருவருக்கு மேற்படாமலும், ஏழரை இலட்சம் பேருக்கு ஒருவருக்குக் குறையாமலும் இருக்கவேண்டுமென்று அன்று எழுதியிருந்தார்கள். முதல் தேர்தலில் 489 இடங்கள். 1962இல் 494. 1967இல் 520.

அந்த இரண்டு தேர்தல்களுக்கும் இடையே நடந்ததை நம் தோழர்களில் பலர் மறந்துவிட்டனர். 1962இல் சென்னை மாநிலத்துக்கு 41 இடங்கள். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துப் பங்கிட்டபின், 1967இல் 39. ஆந்திரமும் 43இலிருந்து 41 ஆயிற்று. மொத்த அவையோ 26 இடம் வளர்ந்திருந்தது! நூற்றுக்கு 8.3 ஆக இருந்த நம் பங்கு 7.5 ஆயிற்று. அலபாமாவில் ஏட்டில் நடந்தது, நமக்கு நாட்டிலே நடந்தது.

1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் வந்தது. அந்தக் காலத்துச் செயல்கள் பலவற்றை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம், கண்டிக்கத்தான் வேண்டும். ஆயினும் அந்தத் திருத்தத்திலே ஒரு விதி நியாயத்தைத் தாங்கி நின்றது. 1971ஆம் ஆண்டு மக்கட்தொகைப்படி அமைந்த இடங்கள் 2000க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரையில் மாறாது என்றது அது. அதே ஆண்டு வெளியிட்ட மக்கட்தொகைக் கொள்கையும் அதையே கூறிற்று. ஏன்? சிவப்பு முக்கோணத்தைச் சுவரெங்கும் வரைந்து, நாமிருவர் நமக்கிருவர் என்று துரைத்தனம் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டபடி நடந்த மாநிலத்துக்கு நாற்காலி குறையும், நடவாத மாநிலத்துக்கு நாற்காலி கூடும் என்றால், எவன் கேட்பான் அந்தப் பேச்சை? 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம் அந்த வாக்குறுதியை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2025 மார்ச் 22 அன்று சென்னையிலே பல மாநிலத்துத் தலைவர்கள் கூடி, மேலும் 25 ஆண்டு நீட்டிக்கவேண்டுமென்று தீர்மானித்ததும் இந்த வழியில்தான்.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்லிவிடவேண்டும். அதுதான் நமக்கு அழகு. 1971இல் தமிழ்நாட்டின் மக்கட்தொகை 4 கோடியே 12 இலட்சம், 39 இடம், ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழப் பத்தரை இலட்சம் பேர். இராஜஸ்தானத்தில் 2 கோடியே 58 இலட்சம், 25 இடம், அங்கும் பத்து இலட்சத்துச் சொச்சம். சமம். 2011இல் பாருங்கள்: நமக்கு ஓர் உறுப்பினருக்குப் பதினெட்டரை இலட்சம். இராஜஸ்தானத்துக்கு இருபத்தேழு இலட்சத்துக்கும் மேல். அந்தப் பாலைநிலத்திலே ஒட்டகம் மேய்க்கும் தோழன் என்னிடம் வந்து, "என் வாக்குக்கு உன் வாக்கைவிட மதிப்புக் குறைவா?" என்று கேட்டால், நான் அவனைப் பகைவன் என்று ஏசமாட்டேன். அவன் கேள்வி நியாயமானது. அவன் குறை உண்மையானது. நம் தோழர்களில் சிலர் இந்த இடத்துக்கு வந்ததும் வடவர்மீது பழி சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போய்விடுகின்றனர். கைதட்டல் வாக்குவாதத்தை வெல்லாது.

அவனுக்கு என்ன பதில்? இன்னும் சில தோழர்கள், 543 என்பதையே அசைக்கக்கூடாது என்கின்றனர். அவர்களோடு நான் மாறுபடுகிறேன். மேடையிலே சொல்வதற்குத் தயக்கமில்லை. 25 இலட்சம், 27 இலட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர் என்றால், எந்தக் குடிசைக்காரன் எப்போது அவரைக் காண்பது? மக்கட்தொகையின் கனமூலத்தை ஒட்டியே உலகப் பாராளுமன்றங்களின் அளவு அமைந்திருக்கிறது என்று 1972இல் தாகெபெரா என்ற அறிஞர் எழுதினார். அந்தக் கணக்குப்படி 2011ஆம் ஆண்டு இந்தியாவுக்கு ஆயிரத்துச் சொச்சம் வரும். அவ்வளவும் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சீனத்து மக்கள் பேரவையில் ஏறத்தாழ 3,000 பேர். ஆண்டுக்கொருமுறை சில நாள் கூடிக் கலைகின்றனர். வேலை நடப்பது சிறிய நிலைக்குழுவிலே. கடைசி வரிசைக்கு வசனம் கேட்காத கொட்டகையில் நடிகனும் கெடுவான், நாடகமும் கெடும். இத்தாலியர் 2020இல் வாக்கெடுப்பு நடத்திக் கீழ்ச்சபையை 630இலிருந்து 400 ஆகக் குறைத்துக்கொண்டனர். பிரிட்டனில் 600 ஆக்குவோமென்று 2011இல் சட்டம் போட்டு, ஒரு தேர்தலைக்கூட அப்படி நடத்தாமல் 2020இல் 650க்கே திரும்பினர். ஆகவே மந்திர எண் எங்கும் இல்லை. அவை வளரட்டும் என்பதே என் கருத்து.

ஆனால் - இந்த "ஆனால்" தான் என் பேச்சின் உயிர்நாடி - எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. எவருக்கு எத்தனை பங்கு என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கயிற்றிலே கட்டி, ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கடத்துவார்களே, அங்கேதான் விழிப்பு வேண்டும். படிப்பகத்துக் கரும்பலகையில் மாலையிலேயே எழுதி வைத்தேன். 888 இருக்கையையும் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி பங்கிட்டால், தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 53 இடம். 39 எங்கே, 53 எங்கே! பதினான்கு இடம் கூடுதல்! எவருக்கும் ஓர் இடமும் குறையவில்லை என்று முழங்குவார்கள், மாலை போடவும் வருவார்கள். மாலையை வாங்குமுன் மறுபக்கத்தைப் பாருங்கள். இன்று 543க்கு 39 என்பது நூற்றுக்கு 7.2. அந்தப் பங்கை 888இல் காப்பாற்ற 64 இடம் வேண்டும். கொடுத்தது 14, எடுத்தது 11! கேரளத்துக்கு 33 வேண்டிய இடத்தில் 24 அல்லது 25. உத்தரப்பிரதேசமோ 80இலிருந்து 146ஐத் தாண்டும்.

பங்கை மாற்றாமலே அவையை 888 ஆக்கிப் பாருங்கள். இராஜஸ்தானத்தின் 25 இடம் 41 ஆகும். உறுப்பினருக்கு 27 இலட்சமாக இருந்தது 17 இலட்சத்துக்குள் வந்துவிடும். ஒட்டகம் மேய்க்கும் தோழனுக்குத் தன் உறுப்பினர் அருகே வருகிறார். நமக்கும் நம் பங்கு பறிபோகவில்லை. முழுச் சமத்துவம் ஆயிற்றா? ஆகவில்லை, மறைக்கமாட்டேன். நமக்கு 11 இலட்சத்துக்கு ஒருவர், அவனுக்கு 16, 17 இலட்சத்துக்கு ஒருவர். அந்த வேறுபாடு, பல மொழியினர், பல இனத்தவர் ஒரு கூரையின்கீழ் வாழ்வதற்குக் கொடுக்கும் விலை. ஐரோப்பியப் பாராளுமன்றத்திலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட ஜெர்மனிக்கு 96 இடம், ஐந்தரை இலட்சம் பேருள்ள மால்டாவுக்கு 6 இடம். தலையை மட்டும் எண்ணினால் மால்டாவுக்கு ஒன்று கூட மிஞ்சாது. அதைத் தெரிந்தே ஜெர்மானியர் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். பெரியவர் சிறியவரை விழுங்காதிருப்பதும் கூட்டாட்சியிலே ஒரு சமத்துவந்தானே!

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் 106ஆவது திருத்தம் செய்தார்களே, அதைக்கூட அடுத்த கணக்கெடுப்புக்கும் அதன்பின் வரும் தொகுதிச் சீரமைப்புக்கும் முடிச்சுப் போட்டே எழுதினர். தாய்மார்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உரிய இடம் 543இலும் உண்டு. மூன்றால் வகுத்தால் 181. அதற்குக் கொட்டகை பெரிதாகும்வரை காத்திருக்கச் சொன்னது ஏன் என்று நீங்கள்தான் கேட்கவேண்டும்.

தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்துப் பேசவேண்டிய தோழர் மூவர் காத்திருக்கின்றனர். அடுத்த வாரம் கிளைதோறும் இதைப் பேசப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கரும்பலகையை இன்றிரவு அழிக்கவேண்டாமென்று படிப்பகப் பொறுப்பாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதிலே 53 என்றும் 64 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். ஏட்டில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். கணக்கில் பிழையிருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.